கண்ணைக் கடைசியில் வரையுங்கள்

முகம் வரையக் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு போட்டோவோடுதான் வருகிறார்கள். இறந்துபோன தாத்தாவின் வாக்காளர் அட்டை, அம்மாவின் பழைய ஸ்டூடியோ படம், ஃபோனில் சேர்த்து வைத்த நடிகர் முகம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். "சார், இதை மட்டும் வரையக் கத்துக் குடுத்துட்டீங்கன்னா போதும்" என்பார்கள். அந்த ஒன்றை வரையத் தெரிந்தால் எதையும் வரையலாம் என்பது அவர்களுக்குப் போகப் போகத்தான் புரியும்.

பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மொட்டை மாடியில், தகரக் கூரைக்கு அடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு எடுக்கிறேன். கல்லூரி மாணவிகள், ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவர், பேரன் பேத்தி எடுத்த அக்கா ஒருவர், கொத்தனார் ஒருவர் என்று கலந்து கட்டிய கூட்டம். வயது வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் முதல் நாள் எல்லாரும் ஒரே மாதிரிதான் வரைகிறார்கள்.

முதல் நாள் நான் எதுவும் சொல்லித் தருவதில்லை. "பக்கத்தில இருக்கிறவங்க முகத்தைப் பார்த்து வரைங்க" என்று மட்டும் சொல்வேன். பென்சில் நேராக ஒரு கண்ணுக்குப் போகும். கருவிழி, அதில் வெள்ளைப் புள்ளி, இமை, இமைமுடி என ஒவ்வொன்றாக அந்தக் கண் முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்த கண். பிறகு மூக்கு. வாய்க்கு வரும்போது தாள் போதாது. தாடை இடித்துக்கொண்டு நிற்கும். நெற்றி இரண்டு விரற்கடைக்குச் சுருங்கியிருக்கும். கண்ணைத் தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கும். முகத்தைப் பார்த்தால் யாரென்றே தெரியாது. எங்கள் கொத்தனார் தம்பி இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "வானம் தோண்டாம ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்ச கதைதான் சார் இது."

நான் சொல்லித் தருவது மொத்தமும் அந்த வரியில் இருக்கிறது. ஒரு ஆளின் சாயல் அவர் கண்ணிலோ மூக்கிலோ இல்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே எவ்வளவு தூரம், நெற்றி எவ்வளவு உயரம், தாடை எந்தப் பக்கம் சாய்கிறது என்கிற இடைவெளிகளில்தான் இருக்கிறது. தெருமுனையில் வரும் ஆள் யாரென்று கண்ணின் நிறம் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா, அதற்குக் காரணம் இதுதான்.

கண் எங்கே இருக்கிறது?

ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று, உச்சந்தலையில் ஒரு ஸ்கேலைப் படுக்கையாக வையுங்கள். அங்கிருந்து கண் வரைக்கும், கண்ணிலிருந்து தாடையின் அடி வரைக்கும் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வளர்ந்த மனிதருக்குக் கண் தலையின் சரிபாதியில் இருக்கிறது. ஆனால் புதிதாக வரைகிற எல்லாரும் கண்ணை மேலே தூக்கி, நெற்றிக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

காரணம் இருக்கிறது. நெற்றியிலும் முடியிலும் நமக்கு வேண்டிய செய்தி அதிகம் கிடையாது. கோபமா, சிரிப்பா, பொய்யா என்று எல்லாவற்றையும் கண், மூக்கு, வாய் உள்ள பகுதியிலேயே படிக்கிறோம். அதனால் அந்தப் பகுதி நம் மனத்தில் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் பதிந்துவிடுகிறது. முகங்களைப் பார்க்கும்போது மட்டும் பெரிதும் வேலை செய்கிற ஒரு பகுதி மூளையின் அடிப்புறத்தில் இருப்பதாக அமெரிக்க நரம்பியலாளர் நான்சி கான்விஷர் 1997-இல் எழுதினார். முகத்தை அடையாளம் காண அது பெரிய உதவி. வரைகிறவனுக்கோ அதுவே உபத்திரவம். கை அளந்து போடுவதற்கு முன்பே மூளை, 'எனக்குத் தெரியும்' என்று கற்பனைக் கண்ணை எடுத்து நீட்டிவிடுகிறது.

இதை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. போட்டோவைத் தலைகீழாக வைத்து வரைவது. 1980-இல் இங்கிலாந்து உளவியலாளர் பீட்டர் தாம்சன், அந்நாட்டுப் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்ணையும் வாயையும் மட்டும் வெட்டித் திருப்பி ஒட்டினார். படம் தலைகீழாக இருக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. நேராகத் திருப்பினால் பார்க்கவே சகிக்காது. தலைகீழான முகத்தை மூளை முகமாகப் படிப்பதில்லை. கோடும் வளைவும் நிழலுமாகத்தான் பார்க்கிறது. கற்பவர்களுக்கு இந்தத் தலைகீழ் பயிற்சியை உலகம் முழுக்கப் பரப்பியவர் அமெரிக்க ஓவிய ஆசிரியர் பெட்டி எட்வர்ட்ஸ். அவருடைய புத்தகம் 1979-இல் வந்தது. என் வகுப்பிலும் இரண்டாவது பாடம் இதுதான். அரை மணி நேரம் கழித்துத் தாளை நேராகத் திருப்பும்போது, "நானா வரைஞ்சேன்?" என்று யாராவது கேட்காத வகுப்பு இல்லை.

ஸ்தபதி வைத்த அளவு

பாதியில் கண் என்பது முதல் அளவு. அடுத்தது மூன்று பங்கு. நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை ஒரு பங்கு, புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை இன்னொரு பங்கு, அங்கிருந்து தாடையின் அடி வரை மூன்றாவது பங்கு. மூன்றும் ஏறக்குறையச் சமம். முகத்தின் அகலம் ஐந்து கண் அளவு; இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் வைக்கிற இடம். காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடையில் அடங்கும். நேராகப் பார்க்கிற முகத்தில் வாயின் ஓரங்கள் கருவிழிக்கு நேர் கீழே வந்து நிற்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நம் சிற்ப நூல்களில் நவதாலம் என்கிற அளவுமுறைப்படி உருவத்தின் உயரம் 108 அங்குலம். அதில் முகம் 12 அங்குலம். அந்த 12-ஐ நெற்றிக்கு 4, மூக்குக்கு 4, மூக்கின் அடியிலிருந்து தாடைக்கு 4 என்று பிரிப்பார்கள். இது ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல. உருவத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிற அங்குலம். இதே மூன்று பங்கை வைத்துத்தான் அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ், தலை வரைவது பற்றி 1956-இல் எழுதிய புத்தகத்தில் பாடம் சொன்னார். இன்றைக்கு யூடியூபில் முகம் வரையச் சொல்லித் தருகிற பலரும் அவர் வழியில்தான் போகிறார்கள்.

ஆனால் ஒன்று. அளவு சரியாக இருந்தால் முகம் வரும், ஆள் வரமாட்டார். ஆள் வருவது அளவு எங்கே மீறுகிறதோ அங்கேதான். அம்மன் சிலையின் முகத்தில் சிற்பி அளவை மீறமாட்டார். மீறினால் அது தெய்வத்தின் முகம் ஆகாது. மனிதரைச் செதுக்கும்போது மீறியாக வேண்டும்.

இதைப் பார்க்க மதுரைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய புது மண்டபத் தூண்களில் விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரை பத்து நாயக்க மன்னர்கள் ஆளுயரத்தில் கைகூப்பி நிற்கிறார்கள். பாத்திரக் கடையும் தையல் மிஷினும் பாடப் புத்தகக் கடையும் அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே நோட்டு வாங்கப் போன நம்மில் எத்தனை பேர் அந்த முகங்களை நிமிர்ந்து பார்த்தோம்? நிற்கிற நிலை எல்லாருக்கும் ஒன்று. ஆனால் திருமலை நாயக்கரைச் சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும். சரிந்த தொந்தியும் சதைப்பிடிப்பான முகமும் காட்டிக்கொடுத்துவிடும். அழகர்கோவிலிலும் திருப்பரங்குன்றத்திலும் அவரைப் பார்க்கலாம்.

அந்தப் புது மண்டபத்துச் சிலைகளைப் பற்றி மதுரையில் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ராணியின் சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டதாம். சிற்பி திரும்பத் திரும்பச் செய்தும் அதே இடத்தில் பெயர்ந்தது. மேற்பார்வை பார்த்த நீலகண்ட தீட்சிதர், சாமுத்திரிகா லட்சணப்படி ராணிக்கு அந்த இடத்தில் மச்சம் இருக்கும், அப்படியே விட்டுவிடு என்றாராம். இது இவருக்கு எப்படித் தெரியும் என்று மன்னருக்குச் சந்தேகம் வந்து, தீட்சிதர் தம் கண்களைத் தாமே போக்கிக்கொள்கிற வரை கதை நீள்கிறது. நடந்ததோ இல்லையோ, உருவம் செய்கிறவர்களுக்கு அதில் ஒரு சேதி இருக்கிறது. அந்த ஆளுக்கே உரிய குறையைத் திருத்தப் போகாதே.

என்ன வாங்குவது, எதில் தொடங்குவது

எச்பி, 2பி, 6பி என்று மூன்று பென்சில், ஒரு ரப்பர், பரீட்சை அட்டை, கார்ட்ரிட்ஜ் தாள். தாள் விலை அதிகம் என்றால் ஜெராக்ஸ் பேப்பர் போதும், ஆரம்பத்தில் நிறைய வீணாக்க வேண்டியிருக்கும். பென்சிலைத் துருவியில் போடாமல் பிளேடால் சீவி, கூரை நீளமாக விடுங்கள். அப்போதுதான் பென்சிலைப் படுக்க வைத்து நிழல் பூச முடியும். நிழலைக் கட்டைவிரலால் தேய்க்கிற பழக்கத்தை மட்டும் முதலிலேயே விட்டுவிடுங்கள். தேய்த்தால் முகம் புகை படிந்த சுவர் நிறத்துக்கு வந்துவிடும்.

இன்னும் ஒரு கருவி வேண்டும். ஒரு முழ நூலின் நுனியில் ஒரு நட்டைக் கட்டினால் அதுதான் தூக்குநூல். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற அதே தூக்குக்குண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணின் உள்முனைக்கு நேராக நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மூக்கின் ஓரம் நூலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? வாயின் ஓரம் எங்கே? காதின் நுனி எங்கே? தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நூல் காட்டிக்கொடுத்துவிடும். படுக்கை வாட்டில் அளக்க, கையை முழுவதும் நீட்டிப் பென்சிலைக் கிடையாகப் பிடியுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறும்.

எங்கள் வகுப்பில் தூக்குநூலை முதலில் சரியாகப் பிடித்தவர் அந்தக் கொத்தனார் தம்பிதான். "சார், இந்த அக்காவுக்கு இடது கண்ணு நூல் அளவு கீழ இருக்கு" என்றார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "அம்பது வருசமா கண்ணாடி பாக்குறேன், எனக்கே தெரியலையேப்பா" என்றார். எந்த மனிதரின் முகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பக்கத்தை வரைந்து மறுபக்கத்தை அப்படியே மடித்துப் போடுவதால்தான் ஆரம்பப் படங்கள் பொம்மை மாதிரி ஆகிவிடுகின்றன.

வரையும் வரிசை இது. முதலில் ஒரு உருண்டை, அதுதான் மண்டை. உருண்டையின் இரண்டு பக்கத்தையும் லேசாகச் செதுக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் பொட்டுப் பகுதி தட்டையானது. உருண்டையைச் சுற்றி நடுவில் புருவக் கோடு. அதிலிருந்து மேலே ஒரு பங்கு முடிக்கோடு, கீழே ஒரு பங்கு மூக்கின் அடி, இன்னும் ஒரு பங்கு தாடை. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் நடுக்கோடு வளையும். இதன் பிறகு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இமை பாதி மூடியதும் இமைமுடி, தோல் துளையெல்லாம் மறைந்து இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்பது மட்டும் மிஞ்சும். கண்குழி, மூக்கின் கீழ், கீழுதட்டின் கீழ், தாடைக்கு அடி ஆகிய இருட்டுகளை மொத்தமாகப் பூசுங்கள். இந்த இடத்திலேயே ஆள் தெரிந்துவிட வேண்டும். தெரியவில்லை என்றால் கண்ணைத் தீட்டிப் பயனில்லை. திரும்ப அளக்க வேண்டும். தெரிந்துவிட்டால் கண்ணை வரையலாம். கடைசியில்.

கட்டம் போடலாமா?

இந்தக் கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். போட்டோவின் மேல் கட்டம் போட்டு, தாளிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெயர்த்தெழுதுகிற முறை அது. மதுரையில் சினிமா பேனர் எழுதியவர்களுக்கு அதுதான் சோறு போட்டது. தங்கம் தியேட்டர் இருந்த காலத்தில் உள்ளங்கை அகலத்துப் படத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாடி உயரத்துக்கு எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் எழுப்புவார்கள். சாரத்தில் நிற்கிற ஓவியருக்கு முழு முகமும் தெரியாது. மூக்கின் ஒரு துண்டுதான் கண் முன்னே இருக்கும். கட்டத்தை நம்பித்தான் பூசுவார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் வந்தது. அந்தத் தொழில் சில ஆண்டுகளில் ஓய்ந்தது.

கட்டத்தைப் பாவமாக நினைக்கிறவன் அல்ல நான். முதல் சில வாரம் தைரியம் வருவதற்குப் போடட்டும் என்பேன். தாத்தாவின் படத்தைத் திவசத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வருகிறவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் கட்டம், இருக்கிற போட்டோவை நகலெடுக்கும். எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதர்மேல் கட்டம் போட முடியாது. பேனர்காரர்களே கட்டத்தை மட்டும் நம்பியவர்கள் அல்லர். காலண்டர் ஓவியர்களும் அப்படித்தான். கோவில்பட்டியில் இருந்து தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் காலண்டர் சாமி படங்களை அனுப்பிய கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை தீட்டியவர். அவரிடம் பழகிய சீடர்கள் ஒரு பெரிய பரம்பரையாகவே வளர்ந்தார்கள். கை பழகியிருந்ததால்தான் கட்டம் அவர்களுக்குக் கைகொடுத்தது.

கொண்டைய ராஜு சீடர்களுக்குத் திறந்த மனத்தோடு சொல்லித் தந்தார். எல்லாரும் அப்படி இருந்ததில்லை. மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்குப் போய்ப் பெயர் வாங்கிய அழகிரி நாயுடு போன்ற ஓவியர்கள் இருந்த காலத்துக்கு அடுத்த தலைமுறையில், ராஜா ரவிவர்மா (1848–1906) அதே அரண்மனையில் சிறுவனாக வந்து நின்றார். எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கத்தை அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித் தர மறுத்ததாகவும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை மறைவில் உதவியதாகவும் ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. 1868-இல் அங்கே வந்த தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் தாம் வரைவதைப் பார்க்க விட்டார். பார்த்தே கற்றுக்கொண்டார் ரவிவர்மா. ஒளித்து வைத்த வித்தை யாருக்கும் நிற்கவில்லை என்பதை என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவேன். அவர்களும் நாளைக்கு யாருக்காவது சொல்லித் தர வேண்டியவர்கள்தானே.

வெயிலும் நிறமும்

மதுரை வெயில் முகம் வரைவதற்கு நல்லதும் கெட்டதும். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் உச்சிப் பொழுதில் சூரியன் நம் ஊருக்கு நேர் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழுந்து, எந்த முகமும் கடுகடுவென்று இருக்கும். காலை ஒன்பது மணிக்கு ஒரு பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். பாதி முகம் வெளிச்சம், பாதி நிழல், இரண்டும் சேருகிற இடத்தில் எலும்பின் வடிவம் தெளிவாகத் தெரியும். பழைய வீட்டுத் திண்ணை இருந்தால் அதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது.

நிறத்தைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். புத்தகத்திலும் இணையத்திலும் நாம் பார்த்துப் பழகும் மாதிரிப் படங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலுக்கு எழுதியவை. வெள்ளைத் தாளைத் தோலாக விட்டுவிட்டு நிழலை மட்டும் போடச் சொல்வார்கள். அதே முறையில் உசிலம்பட்டிக்காரர் ஒருவரை வரைந்தால் அவர் வேறு யாரோ ஆகிவிடுகிறார். பயந்துகொண்டு நிழலைக் குறைத்தால் முகம் தட்டையாகிவிடும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வேறு வழி உண்டு. முகம் முழுக்க 2பி பென்சிலால் ஒரு நடுத்தர நிறத்தை முதலில் பூசிவிடுங்கள். பிறகு 6பியால் இருட்டைக் கூட்டுங்கள். கடைசியில் ரப்பரைக் கூராக வெட்டி, நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, கீழுதடு ஆகிய இடங்களில் வெளிச்சத்தை எடுங்கள். கறுத்த தோலில் வெளிச்சம் பளிச்சென்று நிற்கும். அந்தப் பளிச்சுதான் முகத்தைத் தூக்கிக் கொடுக்கும். இதை எண்ணெய் வண்ணத்தில் பார்க்க வேண்டுமானால் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து, 2021-இல் கொரோனாவில் நாம் இழந்த ஓவியர் இளையராஜாவின் படங்களைப் பாருங்கள். அடுப்படியிலும் ஜன்னலோரத்திலும் நிற்கிற நம் வீட்டுப் பெண்கள், நம் வீட்டு நிறத்தோடு, நம் வீட்டு வெளிச்சத்தில் இருப்பார்கள்.

ஃபோன் படத்தைப் பார்த்து வரைகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கைநீட்டி எடுக்கிற செல்ஃபியில் மூக்கு பெருத்துவிடும். ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுப்பதைவிட முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்தால் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காது பின்னால் ஒளிந்துகொள்ளும். அழகுபடுத்தும் செயலி தோலைத் துடைத்து, தாடையைக் குறுக்கிவிடும். அப்படிப்பட்ட படத்தை நீங்கள் அச்சுப்பிசகாமல் வரைந்தாலும் அது அந்த ஆள் இல்லை. யாரையாவது ஆறேழு அடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பாடசாலைகள்

நோட்டோடு போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் என்று மாணவர்களுக்கு இரண்டைச் சொல்வேன். ஒன்று, தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி நினைவு அருங்காட்சியகம். 1959-இல் நேரு திறந்துவைத்தது. காந்தியின் சிறுவயதுப் படத்திலிருந்து இறுதி ஊர்வலம் வரை வரிசையாக அங்கே பார்க்கலாம். ஒரே முகம் எழுபது ஆண்டில் என்னவாகிறது என்பதற்கு அதைவிடப் பாடம் இல்லை. முடி போகிறது, மீசை நரைக்கிறது. பற்கள் போனபின் மூக்குக்கும் தாடைக்கும் நடுவே இருந்த மூன்றாவது பங்கு சுருங்கி, தாடை மேலேறி வருகிறது. ஆனால் காதும் கண்களின் இடைவெளியும் கடைசி வரை அதே ஆளைக் காட்டுகின்றன. முதியவர்களை வரையும்போது சுருக்கத்தை ஒவ்வொரு கோடாக எழுதாதீர்கள்; இருக்கிற வயதுக்கு மேல் இருபது வயது கூடிவிடும். சுருங்கிய அந்தப் பங்கை மட்டும் சரியாக வைத்தால் முதுமை தானாக வந்துவிடும். குழந்தைக்கு இதன் நேரெதிர். நெற்றி பெரிது, கண் தலையின் பாதிக்கும் கீழே.

காந்தியைக் குறைந்த கோடுகளில் பிடித்தவர் ஓவியர் ஆதிமூலம். 1969-இல் காந்தி பிறந்த நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த நூறு காந்தி ஓவியங்களைப் பார்த்தால், சாயலுக்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்று தெரியும். மதுரையில் பிறந்த ஓவியர் டிராட்ஸ்கி மருதுவின் கோடுகளையும் பாருங்கள். அவர்கள் கோட்டைக் காப்பியடிக்காதீர்கள். எதை விட்டார்கள் என்று பாருங்கள்.

இன்னொரு இடம் கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், 2023-இல் திறந்த அருங்காட்சியகம். கீழடிக்குப் பக்கத்தில் உள்ள கொந்தகை, ஈமத்தாழிகள் புதைத்த இடம். அங்கே கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபணுத் துறையும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகமும் சேர்ந்து இரண்டு முகங்களை உருவாக்கி 2025-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய வைகைக்கரை மனிதர்கள். கீழ்த்தாடை கிடைக்காததால் மேல் எலும்பின் அளவுகளிலிருந்து கணக்கிட்டார்கள். எலும்பின் மேல் தசை, தசையின் மேல் தோல் என்று கட்டினார்கள். கண், முடி, நிறம் ஆகியவை எலும்பில் எழுதப்பட்டிருப்பதில்லை. அதனால் அவை கடைசியில்தான் வந்தன, அவற்றில்தான் ஊகமும் அதிகம். மண்டையில் தொடங்கிக் கண்ணில் முடிக்கிற அந்த வரிசைதான் மொட்டை மாடியில் நாங்கள் பென்சிலால் செய்வதும்.

கற்க விரும்புகிறவர்களுக்கு

பிள்ளைகளுக்கு 5 வயது முதல் 16 வயது வரை அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஓவியம் சொல்லித் தருகிறார்கள். முறையாகப் படிக்க விரும்பினால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரியின் வேர் 1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளி. வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் தினம் இருபது நிமிடம் போதும். வாரத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அது நல்லது. பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில் தெரியாதவர்களை வரையும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "உங்களை வரையலாமாண்ணே?" என்றால் பெரும்பாலும் சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் உள்ள மூத்தவரை இந்த வாரமே வரையுங்கள். அப்பத்தாவோ தாத்தாவோ இருக்கும்போது யாரும் வரையக் கற்பதில்லை. போன பிறகு வாக்காளர் அட்டையோடு ஓடி வருகிறார்கள். நகம் அளவு படத்தில் மூக்கின் அடியும் தெரியாது, தாடையின் சாய்வும் தெரியாது. ஆள் எதிரில் இருந்தால் சுற்றி வந்து பார்க்கலாம், தூக்குநூல் பிடிக்கலாம், சரியாக வரவில்லை என்றால் நாளைக்கும் பார்க்கலாம். தாளின் பின்பக்கம் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். என்னை எதுக்குய்யா வரையிற என்று உட்கார மறுத்தால், டிவியில் சீரியல் ஓடும்போது எதிரில் போய் உட்காருங்கள். அரை மணி நேரம் அசைய மாட்டார்கள்.